சங்குக்கு நின்ற பாட்டு

1

சென்ற மாதம் ஒரு நாள் காலையில் என் மகள் அபி பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டே ஒரு பாட்டை முணுமுணுத்தாள். நான் வேலைக்குப் போகிற அவசரத்தில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஓர் இடத்தில் அவள் சட்டென்று பாட்டை நிறுத்தினாள். என் கையும் நின்றுவிட்டது. அவள் திரும்பப் பாடத் தொடங்கியதும் என் கையும் திரும்ப நாடாவைக் கட்டத் தொடங்கியது. குனிந்த வாக்கிலேயே அவளை அண்ணாந்து பார்த்தேன்.

இந்தப் பாட்டை எங்கே பிடித்தாய் என்று கேட்டேன். அவளுடைய சிநேகிதி இங்கரிட் குடும்பத்தோடு இலங்கைக்கு விடுமுறைக்குப் போயிருந்தாளாம். எல்ல என்கிற மலை ஊரில் ஒரு பாரில் இதைப் பாடினார்களாம். அவள் தொலைபேசியில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"நல்ல பாட்டம்மா. உங்களுக்குத் தெரியுமோ?" என்றாள் அபி. அவளுடைய தமிழ் அவளுடைய அப்பாவின் யாழ்ப்பாணத் தமிழ். என் தமிழைப் பேசச் சொன்னால் நாடகத்தில் நடிப்பதுபோல் பேசுவாள்.

எனக்குத் தெரியுமாவாம். அந்தப் பாட்டைக் கட்டியது அவளுடைய தாய்மாமன், அதாவது என் அண்ணன் செல்வராசு. முதன்முதலில் பாடியதும் அவர்தான். அதைப் பதிவு செய்தபோது நான் அதே அறையில் பிளேன்டீக் கேத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொன்னேன். அவள் நம்பவில்லை. "ஆட்டோ ஓடுற மாமாவோ?" என்று இரண்டு தரம் கேட்டாள். ஆட்டோ ஓட்டுகிறவர் பாட்டுக் கட்டக்கூடாது என்று நோர்வேயில் சட்டம் ஏதும் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் என் பஸ் போய்விட்டது. அந்தப் பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமாக வேறொன்றும் நடந்திருக்க முடியாது.

2

ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேருக்காவது அந்தப் பாட்டு தெரிந்திருக்கும். தமிழில் கேட்காவிட்டால் சிங்களத்திலாவது கேட்டிருப்பீர்கள். தெரியாதவர்களுக்காக முதல் அடிகளை எழுதுகிறேன். அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆறு மணி பஸ்ஸு அஞ்சரைக்கே போச்சு
ஆசப்பட்ட சட்ட மழையில நனஞ்சு போச்சு
டவுனுப் படம் போச்சு ராசாத்தி கோவமாச்சு
அடுத்த பஸ்ஸு எப்ப வரும்?

இந்த இடத்தில்தான் பாட்டு நிற்கும். மேளம், கிட்டார், குரல் எல்லாம் நிற்கும். பாட்டு முடிந்துவிட்டதோ என்று கேட்கிறவர் நினைக்கிற நேரத்தில் டோல்கி ஒரு தட்டுத் தட்டும். உடனே எல்லாரும் சேர்ந்து "வரும் வரும்" என்று மறுபடி பிடித்துக்கொள்வார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பூனாகலைப் பக்கம். எட்டாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளின் இளவட்டங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கோஷ்டி வைத்திருந்தார்கள். அண்ணன் பாட்டு, கிட்டார். அவருடைய உயிர்க் கூட்டாளி முத்தையா டோல்கி. இன்னொருவர் புல்புல்தாரா. நாலாவது ஆளுக்கு ஒரு வாத்தியமும் வராது என்பதால் பால்மா டின்னுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கக் கொடுத்திருந்தார்கள். அவர்தான் கோஷ்டியிலேயே அதிகம் அலட்டுகிறவர். மாரியம்மன் திருவிழாவில் இந்த பஸ் பாட்டு ஒரு போடு போட்டது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்து கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பண்டாரவளை டவுனில் அனீபா நானா ரெக்கோடிங் பார் வைத்திருந்தார். வெற்று கசெட் கொண்டுபோய்க் கொடுத்தால் கேட்ட பாட்டுகளைப் பதிந்து தருகிற கடை. திருவிழாவுக்குச் சாமான் விற்க வந்த ஒருவர் சொல்லி அவர் காதுக்கும் பாட்டு எட்டியிருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளியில் தொழுகை முடிந்ததும் கடையைத் திறக்காமல் பெரிய டேப் ரெக்கோடர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி எங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டார். கோயிலுக்குப் பக்கத்து வாசிகசாலையில் பதிவு. கரண்ட் கிடையாது, பேட்டரிதான். ஒத்திகை பார்த்துப் பார்த்தே பேட்டரி களைத்துவிட்டது. இனி ஒரே ஒரு தரம்தான், பிழைவிடாமல் பாடுங்கள் என்று நானா சொல்லிவிட்டார்.

பாடினார்கள். பிரமாதமாகப் பாடினார்கள். "அடுத்த பஸ்ஸு எப்ப வரும்" என்று அண்ணன் கேட்கவும் ஃபெக்டரிச் சங்கு ஊதவும் சரியாக இருந்தது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சங்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் பெரட்டுக்கு ஆள் கணக்கெடுக்கக் கூப்பிடுவதும் அதுதான். பகலில் சோற்றுக்கு விடுவதும், நாலு மணிக்குக் கொழுந்து நிறுக்கக் கூப்பிடுவதும் அதுதான். சங்கு ஊதினால் கை நிற்கும். யோசித்து நிற்பதில்லை, தானாக நிற்கும். அன்றைக்கும் அப்படித்தான் நின்றது. கிட்டாரில் அண்ணனுடைய விரல் நின்றது. முத்தையாவின் கை டோல்கிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. டின் குலுக்குகிறவர்கூட நின்றார், அவரை நிறுத்துவது லேசான காரியம் இல்லை. நான் கேத்தலைச் சாய்த்தபடி நின்றேன். எங்களில் அசைந்தது நானா ஒருவர்தான். அவர் டவுன்காரர். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முழித்தார்.

சங்கு ஓய்ந்ததும் முத்தையா ஒரு தட்டுத் தட்டினார். ஒன்றுமே நடக்காததுபோல் "வரும் வரும்" என்று பாடி முடித்துவிட்டார்கள்.

"ஏன் மகன் நிப்பாட்டினீங்க?" என்று நானா கேட்டார்.

"சங்கு ஊதிச்சே நானா," என்றார் அண்ணன்.

அதுதான் விசயம் என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பேட்டரி முடிந்துபோயிருந்தது. நானா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

3

பாட்டு ஓடிய ஓட்டத்தை நான் பிறகு சேர்த்துச் சேர்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நானா முதலில் பஸ்காரர்களுக்குப் பதிந்து கொடுத்தார். அவர்களிடமிருந்து சாப்பாட்டுக் கடைக்காரர்கள், அவர்களிடமிருந்து சலூன்காரர்கள். பதிவிலிருந்து பதிவு, அதிலிருந்து இன்னொரு பதிவு என்று போகப் போக, பின்னால் தூரத்தில் கேட்ட சங்குச் சத்தம் தேய்ந்து தேய்ந்து இரைச்சலோடு இரைச்சலாகப் போய்விட்டது. மிஞ்சியது இடைவெளி மட்டும். பதுளை பஸ் நிலையத்தில் அதைக் கேட்டவனுக்கு அங்கே ஒரு சங்கு ஊதியது தெரியாது. பாட்டே அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

கொழும்பில் ஒரு பைலாக் கோஷ்டி அதைச் சிங்களத்தில் பாடியது. பஸ்ஸை ரயிலாக்கி, ராசாத்தியை மாலினியாக்கி, இடைவெளியில் டிரம்பெட் வைத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, டிரம்பெட் நன்றாகத்தான் இருந்தது. பதுளை கொழும்பு பஸ்களில் ராத்திரி பகலாக அதுதான். டிரம்பெட் வருகிற இடத்தில் சில டிரைவர்மார் தங்கள் ஹோர்னையும் சேர்த்து அடிப்பார்கள். அப்புத்தளை வளைவில் அப்படி அடித்து எதிரே வந்த லொறிக்காரனை ஓரங்கட்டவைத்த டிரைவர் ஒருவரை எனக்கே தெரியும்.

அந்தக் கசெட்டின் அட்டையில் கட்டினவர் பெயர் போட வேண்டிய இடத்தில் நாட்டார் பாடல் என்று போட்டிருந்தது. நாட்டார் பாடல் என்றால் கட்டினவர் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கட்டினவர் எங்கள் லயத்து வாசலில் குந்தியிருந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு தமிழ்நாட்டில் யாரோ இதை எடுத்து வேகத்தைக் கூட்டி, இடைவெளியில் விசிலடித்துத் துள்ளிசையாக்கினார்கள். அது ஐரோப்பாவுக்கு வந்து நம்மவர்களின் கல்யாண வீடுகளில் இறங்கியது. அங்கே எல்லாரும் சேர்ந்து "ஓய்" என்று கத்துவார்கள். எல்லவில் பாடுகிறவர்கள் ரெகே என்று ஒரு வகையில் மெதுவாக, தலையை ஆட்டி ஆட்டிப் பாடுகிறார்களாம். இத்தனை பேர் கையில் பட்டு வார்த்தை மாறியது, மொழி மாறியது, வேகம் மாறியது. அந்த இடைவெளியை மட்டும் ஒருத்தரும் தொடவில்லை. எதையாவது போட்டு நிரப்பினார்களே தவிர எடுக்கவில்லை.

ஒஸ்லோவில் ஒரு கல்யாணத்தில் இது போனபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேசையில் பக்கத்திலிருந்த அக்காவிடம் இது எங்கள் அண்ணன் கட்டிய பாட்டு என்று சொல்லிவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "உங்கட தோட்டப் பக்கம் உப்பிடிப் பாட்டெல்லாம் செய்வினமோ?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் சபையில் அதிகம் வாய் திறக்காத மனுசர். கையிலிருந்த தட்டை மெல்ல வைத்துவிட்டு, "செய்வினம் அக்கா. நாங்கள் அதுக்குத்தான் இவ்வளவு நேரமும் ஆடினது," என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் குறட்டை விடுவதைப் பல வருசமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

4

நான் இருக்கிற ஊர் பேர்கன். நோர்வேயின் மேற்குக் கரையில் மலையும் மழையுமான ஊர். வந்த புதிதில் யன்னலைத் திறந்து பனிமூட்டத்தைப் பார்த்துவிட்டு, இதற்கா இத்தனை விசாவும் விமானமும் என்று நினைத்தேன். பூனாகலையிலேயே இருந்திருக்கலாம்.

வேலை மீன் ஃபெக்டரியில். செமன் என்கிற சால்மன் மீனைத் துண்டு போட்டு முள் எடுக்கிற வரிசையில் நிற்கிறேன். என்னோடு போலந்துக்காரிகள், லித்துவேனியாக்காரிகள், ஒரு எரித்திரியப் பெண். இடைவேளைக்கு ஒரு மணி அடிக்கும். மற்றவர்கள் கையிலிருக்கிற மீனை முடித்துவிட்டுத்தான் கத்தியை வைப்பார்கள். நான் மணியின் முதல் ஒலிக்கே கத்தியை வைத்துவிடுவேன், பாதி மீனோடு. உன் காதுக்கும் கைக்கும் நடுவில் ஒன்றும் இல்லையா என்று மேற்பார்வையாளர் பகடி பண்ணுவார். நோர்வேஜிய மொழியில் அதற்குப் பதில் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. தமிழில் சொல்வதென்றாலும் பெரட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்குள் இடைவேளை முடிந்துவிடும்.

5

அபிக்கும் இங்கரிட்டுக்கும் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு பாண்ட் இருக்கிறது. மே மாதக் கடைசியில் நகரசபை நடத்துகிற இளையோர் இசை நாளில் இந்தப் பாட்டைத்தான் பாடுவோம் என்று தீர்மானித்துவிட்டார்கள். முதல் பகுதி நோர்வேஜிய மொழியில், முடிவு தமிழில். மொழிபெயர்ப்பில் ஒரு சிக்கல் வந்தது. ஆறு மணி பஸ் அஞ்சரைக்கே போய்விடும் என்பதை நோர்வேக்காரப் பிள்ளைகளுக்கு விளங்கவைக்க முடியவில்லை. பஸ் ஏன் முந்திப் போகும், முறைப்பாடு செய்யலாமே என்று கேட்டார்கள். சட்டை மழையில் நனைந்தது மட்டும் உடனே விளங்கியது.

அடுத்த சிக்கல் நகரசபையின் இணையப் பக்கத்தில். பாட்டைக் கட்டினவர் பெயர் இல்லாமல் அது மேலே நகராது. நாட்டார் பாடல் என்று போட்டால் நகரும். போட்டுவிட்டு வா என்று நான்தான் சொன்னேன். அபி திரும்பிப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன். அண்ணனின் பெயரைப் போட்டால் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கேட்டது. எங்களுக்கு ஏது குடும்பப்பெயர், அப்பா பெயர்தான். என் பாஸ்போட்டில் வேறு மாதிரி எழுதியிருப்பதால், இவர் உண்மையில் உங்கள் அண்ணன்தானா என்று நகரசபைப் பெண்மணி தொலைபேசியில் கேட்டார். ஒரே லயத்து அறையில் ஒரே பாயில் படுத்தவர்கள் என்று சொல்ல வந்து, அது வேறுமாதிரி விளங்கிவிடுமோ என்று அஞ்சி, ஆமாம் என்று மட்டும் சொன்னேன். அப்படியானால் அவருடைய சம்மதம் வேண்டும் என்றார்.

அது ஒரு நிமிச வேலை என்றுதான் நினைத்தேன். அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் இப்போது பண்டாரவளையில் இருக்கிறார். எல்ல ஸ்டேஷனில் வந்து இறங்குகிற வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்குவதுதான் தொழில். விசயத்தைச் சொன்னேன்.

"வேணாம் பாப்பா," என்றார். "யாரு பேரையாச்சும் போட்டுக்கச் சொல்லு. என் பேரு வேணாம்."

எனக்குக் காரணம் தெரியும். பதிவு முடிந்த சில மாதங்களில் அனீபா நானா நல்லெண்ணத்தோடு அண்ணனைக் கொழும்புக்கு அழைத்துப்போய், பாட்டு எடுக்கிற ஒருவரிடம் கசெட்டைப் போட்டுக் காட்டினார். அது முதல் பிரதி, சங்கு நன்றாகவே கேட்கும். அந்த மனிதர் இடைவெளிவரை தாளம் போட்டுக்கொண்டு கேட்டாராம். இது என்ன சத்தம் என்று விசாரித்தாராம். நானா வெள்ளையாகச் சொல்லிவிட்டார். அவர் விழுந்து விழுந்து சிரித்து, பக்கத்து அறை ஆட்களைக் கூப்பிட்டு மறுபடி போட்டுக் காட்டியிருக்கிறார். சங்கு ஊதினால் தோட்டக்காட்டான் பாட்டைக்கூடக் கீழே வைத்துவிடுவான் என்றாராம். அந்தப் பட்டப்பெயரை உங்களில் பலரும் எங்காவது ஒரு கடையில், ஒரு கந்தோரில் வாங்கியிருப்பீர்கள். அண்ணன் தன் சொந்தப் பாட்டின் நடுவில் வைத்து வாங்கினார்.

ஊர் வந்து கிட்டாரை விற்றுவிட்டார். முத்தையா எத்தனையோ தரம் வந்து கூப்பிட்டும் போகவில்லை. கொஞ்ச நாளில் முத்தையா கல்யாணம் கட்டி எல்லப் பக்கம் போய்விட்டார், பேச்சுவார்த்தையும் விட்டுப்போனது. பிறகு பஸ்ஸில் டிரம்பெட்டோடு அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் அண்ணன் இறங்கி அடுத்த பஸ்ஸில் வருவார். ஊரெல்லாம் தன்னைக் கேலி செய்வதாகத்தான் அவருக்குப் பட்டது. டிரைவர் ஹோர்ன் அடித்தாலும் அது அவருக்குச் சங்குதான்.

அபி என் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கினாள். "மாமா, நீங்கள் நிப்பாட்டுற அந்த இடம்தான் பாட்டிலேயே திறம். அதுக்குத்தான் எல்லாரும் பாடுகினம்."

"அது சங்குக்குப் பயந்து நின்னது மகளே," என்றார் அண்ணன். "அதப் போயி மேடையில காட்டுறதா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பதினாறு வயதில் அவளுக்குத் தெரியாதது என்று ஒன்று இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு அவள் கேட்டது ஒன்றுதான். நீங்கள் நாளும் ஆட்களை இறக்கிவிடுகிற அந்த எல்ல பாருக்குள் ஒரு தரம் போய்ப் பாருங்கள் மாமா, எனக்காக. அண்ணன் ம்ம் என்றார். அவருடைய ம்ம் என்னவென்று எனக்குத் தெரியும். போகமாட்டேன் என்று அர்த்தம்.

6

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கியது. பெயர் இல்லாமல் அவர்களைச் சேர்க்க முடியாது என்று நகரசபையிலிருந்து அன்பாக ஒரு மின்னஞ்சல் வந்தது. இந்த நாட்டில் எதையும் அன்பாகத்தான் மறுப்பார்கள். பிள்ளைகள் வேறு பாட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். அபி என்னோடு பேசவில்லை, என்னவோ நான்தான் சங்கை ஊதியதுபோல.

ஒரு மத்தியானம் மீன் ஃபெக்டரி இடைவேளையில் அண்ணன் கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுகிற ஆள் இல்லை. யாருக்கோ என்னவோ என்று பதறி எடுத்தேன். அவரால் பேச முடியவில்லை. அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

முந்தின நாள் சாயந்தரம் பெருமழை. எல்லவில் இரண்டு பெண்களைப் பாரில் இறக்கிவிட்டு, நனையாமல் இருக்க அவரும் வாசலில் ஒதுங்கியிருக்கிறார். உள்ளே நம்முடைய தோட்டத்துப் பொடியன்கள் நாலு பேர் பாடிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் நிரம்பி வழிந்திருக்கிறது. அண்ணனுக்கு ஓடவும் வழியில்லை, வெளியே அப்படி மழை. "எப்ப வரும்" என்ற இடம் வந்தது. பாடுகிறவர்கள் நின்றார்கள். எதையும் போட்டு நிரப்பவில்லை, சும்மா நின்றார்கள். ஆடிக்கொண்டிருந்த கூட்டமும் நின்றது. ஒருவன் கிளாசை வாயில் வைத்தபடி. ஒரு பெண் ஒற்றைக் காலைத் தூக்கியபடி. தாடிக்காரர் ஒருவர் புகையை வெளியே விடாமல் அடக்கிக்கொண்டு. பரிமாறுகிற பொடியன் தட்டோடு. மழைச் சத்தம் மட்டும் கேட்டதாம். பிறகு மேளக்காரன் ஒரு தட்டுத் தட்டினதும் எல்லாரும் வரும் வரும் என்று குதித்திருக்கிறார்கள்.

"வெள்ளக்காரன் பூரா நம்ம சங்குக்கு நிக்கிறான் பாப்பா," என்றார் அண்ணன். சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். "நம்ம தொரைமாருக பேரப்புள்ளைகளும் அதுல இருந்திருக்கும். ஒரு ஆளு அசையலியே."

நான் சிரித்த சிரிப்பில் எரித்திரியப் பெண் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆனால் அவர் என்னைக் கூப்பிட்டது அதற்காக இல்லை. பாட்டு முடிந்ததும் அண்ணன் மேளக்காரப் பொடியனைக் கூப்பிட்டு, ஏன் தம்பி அந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று ஒன்றும் தெரியாதவர்போல் கேட்டிருக்கிறார். அது ஃபெக்டரிச் சங்கு ஊதுகிற இடம், அங்கே யாரும் அசையக்கூடாது, எங்கள் தாத்தா அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார் என்றானாம். தாத்தா யார் என்றால், முத்தையா. சாகிறவரைக்கும் வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் அந்தக் கதையைச் சொல்வாராம். அந்தரத்தில் நின்ற தன் கையை உயர்த்திக் காட்டுவாராம். டின் குலுக்குகிறவர்கூட நின்றார் என்று சொல்கிற இடத்தில் வீடே சிரிக்குமாம். பேரப்பிள்ளைகளை நிற்கவைத்து விளையாட்டுக் காட்டுவாராம். எங்கள் செல்வராசு மாதிரி ஒரு பாட்டுக்காரன் ஊவா மாகாணத்திலேயே கிடையாது, வெட்கப்பட்டு வீட்டுக்குள் போய்விட்டான் என்பாராம்.

அண்ணன் அந்தப் பொடியனிடம் தான் யார் என்று சொல்லவில்லையாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மழையில நனஞ்சுக்கிட்டே வண்டிக்கு ஓடிட்டேன் பாப்பா," என்றார். "நான் பயந்து நின்னேன்னு இருந்தேன். முத்தையா அதையே வெளையாட்டா வச்சுக்கிட்டு நாளக் கழிச்சிருக்கான்."

எங்கள் இடைவேளை முடிகிற மணி அடித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அசையவில்லை. அண்ணன் சொல்லி முடிக்கும்வரை தொலைபேசியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

"பேரப் போடச் சொல்லு," என்றார் அவர். "மொதல்ல முத்தையா பேரு. அதுக்கப்பறம் எம்பேரு."

7

இசை நாளான அந்தச் சனிக்கிழமை பேர்கனில் வெயில் அடித்தது. இந்த ஊரில் அது செய்தித்தாளில் வருகிற சங்கதி. அபியின் பாடசாலை மண்டபம் நிறைந்திருந்தது. இங்கே மத்தியானம் என்றால் அங்கே நாலு மணிக்குக் கிட்ட. அண்ணனை வீடியோவில் எடுத்து, மேடையைப் பார்க்கிற மாதிரி தொலைபேசியை மடியில் நிறுத்தி வைத்திருந்தேன். அவர் எல்ல ஸ்டேஷனில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் முத்தையாவின் பேரன். இப்போது இருவருக்கும் அறிமுகம் ஆகிவிட்டது. அண்ணன் சலவைச் சட்டை போட்டிருந்தார், ஆட்டோவுக்குள் இருந்து பார்க்கத்தான்.

அறிவிப்பாளர் பெயர்களை வாசித்தார். முத்தையா, முட்டாயா ஆனார். செல்வராசுவை அவர் என்ன செய்தார் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வாசித்தார். எங்கள் தோட்டத்தில் இப்போது சங்கு ஊதுவதில்லை, ஃபெக்டரி மூடிக் கிடக்கிறது. எட்டாம் நம்பர் லயத்துப் பெயர்கள் இரண்டு ஒலிபெருக்கியில் வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் மூக்குச் சிந்தினார், சளித் தடிமனாம்.

பிள்ளைகள் முதலில் இடைவெளியில் டிரம் அடிப்பதாக இருந்தார்கள். எல்லக் கதையைக் கேட்ட பிறகு அபி அதை எடுத்துவிட்டாள். எதையும் போட வேண்டாம், சும்மா நிற்போம் என்று சொல்லிவிட்டாளாம். பாட்டு ஓடியது. பஸ் போனது, சட்டை நனைந்தது, நோர்வேக்காரர்கள் சட்டைக்குச் சிரித்தார்கள். கடைசித் தரம் தமிழில், அப்பாவின் தமிழை விட்டுவிட்டு என் தமிழில், நடிக்காமல் பாடினாள். "அடுத்த பஸ்ஸு எப்ப வரும்?"

நின்றார்கள். டிரம்முக்கு மேலே கையைத் தூக்கியபடி இங்கரிட் நின்றாள். மண்டபத்தில் யாரும் இருமக்கூட இல்லை. நானும் நின்றேன், உட்கார்ந்த இடத்திலேயே.

என் மடியிலிருந்து ஒரு குரல் வந்தது. கரகரத்து, சுருதி கொஞ்சம் விலகி, ஆனால் அதே பழைய இடத்தில் சரியாகப் பிடித்துக்கொண்டு, வரும் வரும் என்று பாடியது. சத்தத்தை மூடிவைக்க நான் மறந்திருந்தேன். மண்டபம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. மேடையில் அபி சிரித்துவிட்டாள். இங்கரிட் ஒரு தட்டுத் தட்டினாள். பிள்ளைகள் அந்தக் குரலோடு சேர்ந்துகொண்டார்கள். முடிவுவரை அண்ணன் பாடினார், பின் சீட்டில் பேரன் ஆட்டோவின் தகரத்தில் தாளம் போட்டான்.

கைதட்டல் ஓய்ந்ததும் அந்தக் குரல் யாருடையது என்று அறிவிப்பாளர் கேட்டார். அபி ஒலிவாங்கியில் நோர்வேஜிய மொழியில் என்னவோ சொல்ல, எல்லாரும் மறுபடி கைதட்டினார்கள்.

"புள்ள என்ன சொல்லுது பாப்பா?" என்று அண்ணன் தொலைபேசியில் கேட்டார்.

"அது எங்க மாமா, ரொம்ப நாளா பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு இருக்காருன்னு சொல்றா," என்றேன்.

அண்ணன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு ஏறிட்டாருன்னு சொல்லு," என்றார்.